பிரேக் வயரும் ராமக்காளின் கையும்

ஸ்யாமளாவுக்கு ஸ்கூட்டர் கடைசிவரை வரவில்லை. கல்யாணமான புதிதில் சிவசங்கரன் அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ்கோர்ஸ் பக்கம் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். வண்டி கிளம்பியதும் கண்ணை இறுக மூடிக்கொள்கிற மனைவிக்கு எந்தப் புருஷனால் வண்டி கற்றுத்தர முடியும்? கொஞ்ச நாளில் இருவருமே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். ஆனால் சைக்கிள் என்றால் அவள் வேறு ஆள். ஆனையூரில் வீடு, சமயநல்லூர் போகிற ரோட்டில் பள்ளிக்கூடம். கணக்கு டீச்சர் சைக்கிளில் வந்து இறங்குவதைப் பார்த்துத்தான் அந்தத் தெருவில் பலர் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. "மிதிக்கிறதைக் குறைங்க" என்றார் டாக்டர். மகன் குருபிரசாத் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது விட்டுச்சென்ற கியர் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. மெயின் ரோட்டில் கார்த்திகேஷ் என்று ஒருவன் சாதா சைக்கிளுக்கு மோட்டாரும் பேட்டரியும் வைத்துக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டு அதைத் தள்ளிக்கொண்டு போனாள். முப்பது வயதிருக்கும் அவனுக்கு. கிருஷ்ணாபுரம் காலனி சௌராஷ்ட்ரக் குடும்பம். அப்பா தறியை விட்டு ஜவுளி வியாபாரத்துக்குப் போனவர், பிள்ளை ஜவுளியை விட்டு வயருக்கு வந்துவிட்டான்.

பின்சக்கரத்தில் மோட்டார், நடுக்கம்பியில் பேட்டரி, வலது கையில் திருகுகிற ஆக்சிலேட்டர். பழைய பிரேக் லீவர்களைக் கழற்றிவிட்டுப் புதிதாக இரண்டு மாட்டியிருந்தான்.

"இந்த லீவருக்குள்ள ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு டீச்சர். நீங்க பிரேக்கைத் தொட்ட உடனே மோட்டாருக்குக் கரண்ட் கட்டாயிரும். ஆக்சிலேட்டரைத் திருகுனபடியே இருந்தாலும் வண்டி இழுக்காது. பாருங்க."

ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தை அந்தரத்தில் சுழலவிட்டு லீவரைப் பிடித்தான். மோட்டார் சத்தம் பட்டென்று அடங்கியது. இடது லீவர், வலது லீவர், இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினான். ஸ்யாமளாவும் பிடித்துப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில் ஏற்றத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. மகனுக்குப் போன் போட்டு, "உன் சைக்கிள் இப்போ என் பேச்சைத்தான் கேட்கும்" என்றாள்.

அது ஒரு புரட்டாசி சனிக்கிழமை. அரை நாள் பள்ளி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தாள். ஆனையூர் மார்க்கெட் சந்தில் இடதுபக்கமாகத் திரும்பும்போது எதிரே ஒரு ஆட்டோ வந்துவிட்டது. அவள் ஹேண்டில்பாரை நன்றாக ஒடித்துத் திருப்பி, இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். பிடித்தது நினைவிருக்கிறது. ஆனாலும் வண்டி நிற்கவில்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி முன்னுக்கு ஏறி, தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த கீரைக்காரி ராமக்காளின் மேல் போய் விழுந்தது. கீரைக்கட்டை நகர்த்திவைக்க நீட்டிய அவளுடைய வலது மணிக்கட்டின் மேல் முன்சக்கரம் ஏறி நின்றது.

ராமக்காள் போட்ட சத்தத்தில் சந்தே திரும்பிப் பார்த்தது. ஸ்யாமளாவும் கீழே விழுந்திருந்தாள். எழுந்தவள் முதலில் குனிந்து எடுத்தது உருண்டுபோன தன் டிபன் பாக்ஸை. ஏன் அப்படிச் செய்தோம் என்று பின்னால் எத்தனை யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, மிதிபட்ட கீரைக்கு நடுவே நின்றாள். "டீச்சர்னா கண்ணு தெரியாதா?" என்று யாரோ கேட்டார்கள். அவள் டிபன் பாக்ஸின் மூடியை அழுத்தி மூடினாள்.

தகவல் தெரிந்து சிவசங்கரன்தான் ஓடிவந்தார். ராமக்காளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மாவுக்கட்டு போடும்வரை கூடவே இருந்து, வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

சாயங்காலம் கார்த்திகேஷ் வீட்டுக்கே வந்து சைக்கிளை ஸ்டாண்டு போட்டுச் சோதித்தான். சக்கரம் சுற்றியது, பிரேக் பிடித்தான், நின்றது. மறுபடியும் நின்றது.

"சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு டீச்சர். பயத்துல பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரைப் போட்டுத் திருகியிருப்பீங்க. புதுசா ஓட்டுறவங்களுக்கு அப்படித்தான் ஆகும்."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சிவசங்கரன் தரையைப் பார்த்தார். அவருக்கு அந்த ரேஸ்கோர்ஸ் ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்திருக்கும் என்று ஸ்யாமளாவுக்குப் பட்டது.

"யாருக்கும் நடக்கறதுதான். நாளைக்கு ஒரு நடை போய் அந்தம்மாவைப் பார்த்துட்டு வந்துடு" என்றார் அவர்.

"போறேன்" என்றாள்.

மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் பழம் வாங்கிக்கொண்டு ராமக்காளின் தெருமுனைவரை போனவள், அங்கிருந்தே திரும்பி வந்துவிட்டாள். போய் என்ன சொல்வது? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதனால் உன் கை முறிந்தது என்றா? ஒரு வாரம் போனது. அதன்பின், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. தள்ளிப்போடப் போட வாசல் தூரமாகிக்கொண்டே போயிற்று. சைக்கிளை மாடிப்படிக்கு அடியிலேயே போட்டுவிட்டுப் பஸ்ஸில் போகத் தொடங்கினாள். பஸ் ஸ்டாப்புக்கு மார்க்கெட் வழியாகத்தான் போகவேண்டும். எதிர்ப்புறமாக, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, விறுவிறுவென்று கடந்துவிடுவாள். ராமக்காள் கட்டுப்போட்ட கையோடு மறுபடி கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டதைக் குடையின் ஓரத்தில் ஒருநாள் பார்த்தாள். அன்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிய எளிய கூட்டல்கூடத் தப்பாகிவிட்டது.

பொங்கலுக்கு முன்னால் சைக்கிளை விற்றுவிட முடிவுசெய்தாள். கூட வேலை பார்க்கிற திவ்யா கேட்டிருந்தாள். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை சோதித்துவிடுவோம் என்று சாவியைப் போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலேட்டரைத் திருகிப் பிரேக்கைப் பிடித்தாள். மோட்டார் நின்றது. எத்தனை தடவை பிடித்தாலும் நின்றது. ஆக, தப்பு தன் கையில்தான் என்று மறுபடியும் ஒருமுறை ருசுவான மாதிரி இருந்தது.

துடைப்பதற்கு வாகாக வண்டியை ஸ்டாண்டோடு சுவரோரம் நகர்த்தினாள். இடம் போதாமல் ஹேண்டில்பார் இடதுபக்கம் முழுக்க மடங்கிக்கொண்டது. துணியால் கைப்பிடியைத் துடைக்கும்போது ஆக்சிலேட்டர் திருகிக்கொண்டு சக்கரம் சுழலத் தொடங்கியது. சட்டென்று பிரேக்கைப் பிடித்தாள். பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்வியது, ஆனால் மோட்டார் உறுமிக்கொண்டே அதை இழுத்துச் சுற்றியது. கையை எடுத்தாள். ஹேண்டில்பாரை நேராக்கிப் பிடித்துப் பார்த்தாள். நின்றது. இடதுபக்கம் திருப்பினாள். நிற்கவில்லை.

கீழே உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு லீவரிலிருந்தும் வந்த வயர்கள் ஒரு ப்ளக்கில் சேர்ந்து கீழே இறங்கின. கார்த்திகேஷ் அதை இழுத்துச் சட்டத்தோடு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தான். கைப்பிடி நேராக இருந்தால் வயர் எட்டியது. முழுக்கத் திருப்பினால் விறைத்து, ப்ளக் ஒரு நூல் அளவு வெளியே வந்துவிட்டது, பிரேக் பிடித்த தகவல் மோட்டாருக்குப் போகவில்லை. நேராக்கினால் மறுபடி போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று தன் கை பயத்தில் ஆக்சிலேட்டரைத் திருகியும் இருக்கலாம். திருகினாலும் நிறுத்தத்தானே அந்தச் சுவிட்ச்! ஸ்யாமளா தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். மாதக்கணக்கில் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்துபோன மாதிரி இருந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேரே கார்த்திகேஷிடம் போனாள். ஹேண்டில்பாரைத் திருப்பி வைத்து, "இப்போ பிடிச்சுப் பாருங்க" என்றாள். அவன் பிடித்தான். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் முகம் வெளிறிப்போனது.

"எப்பவும் நேரா வச்சே டெஸ்ட் பண்ணிட்டேன் டீச்சர். ஒரு தடவை திருப்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். உங்களைப் போய் அப்படிச் சொல்லிட்டேனே." அவளை நிமிர்ந்து பார்க்காமலே வயரை அவிழ்த்து, நீளம் விட்டுக் கட்டி, இடமும் வலமும் முழுக்கத் திருப்பித் திருப்பிச் சோதித்தான். "நான் வேணா கீரைக்காரம்மாகிட்ட வந்து சொல்றேன். என் தப்புதானே."

"வேண்டாம். நானே போய்ச் சொல்லிக்கிறேன்" என்றாள் ஸ்யாமளா. அவளுக்குக் கால் பரபரத்தது.

ராமக்காள் வியாபாரத்தில் இருந்தாள். ஐம்பதைத் தாண்டிய கறுத்த, ஒல்லியான பெண். மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. வாழைநாரின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் கீரையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

"அன்னைக்கு வண்டி நிக்காதது என் தப்பில்லைம்மா" என்று நின்றபடியே ஆரம்பித்தாள் ஸ்யாமளா. "வயர்ல கோளாறு. ஹேண்டில்பாரைத் திருப்பினா கரண்ட் கட்டாகாம மோட்டார் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. இப்பத்தான் தெரிஞ்சது." கைப்பிடி எப்படித் திரும்பும் என்பதைக் காற்றில் செய்தும் காட்டினாள்.

ராமக்காள் கட்டி முடித்து, நாரை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்ப உங்க மேல தப்பில்ல."

"ஆமா. மோட்டார் வச்சுக் கொடுத்தவரே ஒத்துக்கிட்டார்."

"நல்லதுங்க. இதச் சொல்லத்தான் வந்தீகளா?"

காற்றில் இருந்த கைகளை ஸ்யாமளா கீழே இறக்கினாள்.

"வயரு கியருன்னு நான் நெனைக்கலங்க" என்றாள் ராமக்காள். குரலில் கோபம்கூட இல்லை. "ரோட்டுல ஒக்காந்து யாவாரம் பண்றோம். இன்னைக்கு சைக்கிள் வந்துச்சு, நாளைக்கு ஆட்டோ வரும். நீங்க வந்து, எப்படியிருக்குன்னு ஒரு வார்த்தை கேப்பீகன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா தெனமும் அந்தப் பக்கமா போறீக. மழையும் இல்ல, வெயிலும் இறங்கிருச்சு, இந்தம்மா குடைய எதுக்கு இம்புட்டுத் தாழ்த்திப் பிடிக்குதுன்னு யோசிப்பேன்."

தன்னை யாரும் பார்க்கவில்லை என்றே ஸ்யாமளா இத்தனை நாளும் நம்பியிருந்தாள். காது மடல் சுட்டது. வண்டி நிற்காத குற்றத்தை வயருக்குக் கொடுத்தாகிவிட்டது. குடையை யாருக்குக் கொடுப்பது? ஆஸ்பத்திரிக்கு வராததை, பழத்தோடு திரும்பிப்போனதை, இப்போது வந்தும் முதல் வார்த்தையாகத் தன் நியாயத்தைப் பேசியதை?

"கை இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கேட்கும்போதே, எத்தனை தாமதமான கேள்வி என்று அவளுக்கே கூசியது.

ராமக்காள் கையை எடுத்து மடக்கிக் காட்டினாள். விரல்கள் பாதியில் நின்றன. "இம்புட்டுத்தான் மடங்குது. தண்ணிக்குடம் தூக்க முடியல."

"என்னை மன்னிச்சுக்கங்கம்மா. அன்னைக்கே வந்திருக்கணும்."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர். ஆளு நிக்குது பாருங்க."

ஸ்யாமளா தள்ளி நின்றாள். வந்தவர்கள் அரைக்கீரையும் புதினாவும் வாங்கிப் போனார்கள். கீரை கட்டித் தரவா என்று ஸ்யாமளா கேட்டதற்கு, "உங்களுக்கு வராது, விடுங்க" என்றாள் ராமக்காள். கிளம்பவும் மனம் வரவில்லை, நிற்கவும் கூச்சமாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் "வணக்கம் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டு போனபோது முகத்தைத் திருப்பத் தோன்றியது. திருப்பவில்லை. விளக்கு போடுகிற நேரத்தில் ராமக்காள் மீதக் கீரையைச் சாக்கில் அள்ளி, ஒற்றைக் கையால் தூக்கப் பார்த்தாள். ஸ்யாமளா கேட்காமலே மறுமுனையைப் பிடித்தாள். ராமக்காள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தாள். வீட்டு வாசலில் மூட்டையை இறக்கியதும், "சரி, வாரேன்" என்று ஸ்யாமளாதான் சொன்னாள்.

சைக்கிளை அவள் விற்கவில்லை. கார்த்திகேஷ் இப்போதெல்லாம் எந்த வண்டியானாலும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்பிச் சோதித்த பிறகுதான் சாவியைக் கொடுக்கிறான். ஏனென்று கேட்டால் நடந்ததை மறைக்காமல் சொல்கிறான். ஸ்யாமளா தினமும் ராமக்காளிடம்தான் கீரை வாங்குகிறாள். மழை, மகன், கத்தரிக்காய் விலை என்று இருவரும் பேசிக்கொள்வதும் உண்டு. சந்துக்கு முன்னாலேயே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வருவாள். அப்படியும், சக்கரம் கிட்டே வந்ததும், ராமக்காள் பேசிக்கொண்டே இருக்கையில் அவளுடைய வலது கை மட்டும் தானாக மடிக்குள் போய்விடும். ஸ்யாமளா அதைப் பார்க்காதவள் போலக் குனிந்து ஸ்டாண்டு போடுவாள்.