துண்டு காய்ந்துவிட்டதா?

வரையறை என்றால் புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் வாக்கியம். அதைப் பிள்ளைகள் தட்டுத் தடங்கலில்லாமல் ஒப்பித்துவிட்டால் அறிவியல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியது ஏழாங்கிளாஸ் பையன் இல்லை. பம்பாய் தாராவியில் அவனுக்குப் பாடம் நடத்திய நான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூலை மாதம். நான் தற்காலிக வாத்தியார். தலைமையாசிரியை என் பாடத்தை உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் செம்பூரில் மாமா கடையில் பொட்டலம் கட்டலாம். அவர் வந்த நாள் பார்த்தா பக்கத்து அறைகளின் கூரை ஒழுக வேண்டும்? ரெண்டாங்கிளாஸையும் நாலாங்கிளாஸையும் கொண்டுவந்து என் ஏழாங்கிளாஸோடு அடைத்துவிட்டார்கள். 'ஆவியாதல்' ஒப்பிக்கப் பழக்கி வைத்திருந்தேன். ரெண்டாங்கிளாஸ் அதை வைத்து என்ன செய்யும்?

மழையில் நனைந்த தலையைத் துவட்டிய துண்டு கையில் இருந்தது. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"இது காஞ்சிருச்சான்னு எப்படிச் சொல்லுவீங்க? என்ன செஞ்சு பாப்பீங்க?"

ரெண்டாங்கிளாஸ் சிறுமி ஒருத்தி எழுந்து வந்து கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். "சில்லுனு இருக்கு. காயல சார்."

"உன் கன்னமே மூக்கொழுகி ஈரம். அத நம்பவா?" என்றான் நாலாங்கிளாஸ்காரன். பழைய பேப்பரை எடுத்துத் துண்டின் மேல் அழுத்தினான். "கறை விழுந்தா ஈரம். யாரு பாத்தாலும் கறை கறைதான்."

"ஏலே, லேசான ஈரம் பேப்பருக்குத் தெரியாதுலே" என்று ஏழாங்கிளாஸ் கிளம்பியது. கரும்பலகையில் சுட்டிக்காட்டும் நீளக் குச்சியை நடுவில் கயிறு கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார்கள். ஒரு முனையில் துண்டு, மறுமுனையில் கூழாங்கல் போட்ட டப்பா. "எடை குறையறது எப்ப நிக்குதோ, அப்பதான் காஞ்சுது."

அதுவரை யார் காத்திருப்பது? எதிர்ச்சாரி இஸ்திரி மேஜைக்கு ஒருத்தன் துண்டோடு ஓடி, அதைத் தேய்த்து வாங்கிச் சட்டைக்குள் வைத்து மூடிக் கொண்டுவந்தான். கன்னம் சரி என்றது. பேப்பரில் கறை இல்லை. துண்டைத் திரும்பக் குச்சியில் மாட்டி, கல்லைக் கூட்டிக் குறைத்து நேராக்கினார்கள். "காஞ்சிருச்சு!" என்று மூன்று கிளாஸும் கத்தின. நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் குச்சி சாய ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை. மின்விசிறியும் ஓடவில்லை. துண்டு இருந்த பக்கம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. முடிச்சு நழுவிவிட்டது, என் வேலையும் நழுவிவிட்டது என்று பாய்ந்தேன். முடிச்சு கெட்டியாகத்தான் இருந்தது.

"சார்," ஏழாங்கிளாஸ் பெண் ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தாள். "அது காத்துலேர்ந்து தண்ணி குடிக்குது."

நாங்கள் எல்லோரும் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்த தண்ணீரை ஒரு குச்சி எடை போட்டுக்கொண்டிருந்தது. சின்னவள் மறுபடி கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள்: சில்லென்று இல்லை.

"அப்ப துண்டு காஞ்சுதா, இல்லையா சார்?" தலைமையாசிரியை என்னைத்தான் கேட்டார்.

"கன்னத்துக்குக் காஞ்சுது, டீச்சர். குச்சிக்குக் காயலை." எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை, நாற்காலியைக் குச்சிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது.