தள்ளிவிட்டால் ஓடும் சிப்

நதீரா வரைந்த ஒசிலேட்டர் தானாகத் தொடங்கவில்லை. கொழும்பில் சோதனை மேசைக்கு முன்னால் இருந்த அவள் ஒருத்தியைத் தவிர வேறு எவருக்கும் அது இன்னும் தெரியாது.

ஒசிலேட்டர் என்பது சிப்பின் நாடி. சுண்டுவிரல் நகத்திலும் சிறிய சிலிக்கன் துண்டுக்குள் இருக்கும் அந்தச் சுற்று, பக்கத்தில் பொருத்திய குவார்ட்ஸ் பளிங்கை ஓயாமல் அதிரவைக்கிறது. அந்த அதிர்வை எண்ணித்தான் சிப் நேரம் அறிந்து தூங்கும், விழிக்கும். நதீராவின் சிப் கடலில் விடப்படும் மிதவை ஒன்றுக்கானது. கடல் திடீரென்று உயர்ந்தால் கரைக்குச் செய்தி அனுப்பும் மிதவை. ஒரே பட்டரியில் பல வருடம் ஓடவேண்டும் என்பதால், மின்னோட்டத்தை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைக்கச் சொல்லியிருந்தார்கள்.

குறைப்பதில் அவளை வெல்ல ஆளில்லை. சாய்ந்தமருதுக் கரையில் இருந்த வீட்டையும் உம்மாவையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோன பிறகு, அவளும் ராத்தா ஹாஜறாவும் கூடாரத்தில் இருந்தார்கள். வாப்பா அதற்கு முன்பே மவுத்தாகியிருந்தார். ஒரு வாளித் தண்ணீரில் இருவரும் குளித்து, மிச்சத்தில் உடுப்பலசிய காலம் அது. அங்கிருந்துதான் நதீரா பொறியியல் பீடத்துக்குத் திரும்பினாள். எட்டாம் வகுப்போடு நின்ற ஹாஜறா, நிவாரணத்தில் கிடைத்த மிதி மெஷினில் சட்டை தைத்துத் தங்கச்சியைப் படிப்பித்தாள். சிப்புக்குள் சுற்று வரைகிற பெண் என்று அந்த ஊரில் வேறொருத்தி இல்லை.

இப்போது ஹாஜறாவுக்கு ஒரு வீடு வேண்டும். அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணமில்லை. பழைய வளவில் இனிக் கட்டக்கூடாது என்று கரையோரத்தைத் தடுத்துவிட்டார்கள். மாவடிப்பள்ளிப் பக்கம் வயலை நிரப்பிக் கொடுத்த காணியில், நதீராவின் சம்பளத்தில் சுவர் எழும்பி நின்றது. கூரை இல்லை. நிச்சயித்திருந்த றவூப் நாலு வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தான். சிப் செய்யச் சொன்னவர்களுக்கு அது ஓடுவதைக் காட்டிவிட்டால் நதீராவின் வேலை நிரந்தரமாகும். கூரையும் ஏறும்.

தொழிற்சாலையிலிருந்து வந்த பன்னிரண்டு சிப்பில் மூன்றுதான் தானாக ஓடின. மற்றவை பிணம்போலக் கிடந்தன. இடுக்கி நுனியால் பளிங்கின் காலைத் தொட்டால் சிலிர்த்து எழுந்து ஓடும்; பிறகு நிற்பதே இல்லை.

காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். பளிங்கு ஆடி உச்சிக்கு வரும் கணத்தில் மட்டும் சுற்று சிறு தள்ளுக் கொடுக்கும்; மற்ற நேரம் மின்னோட்டம் குடிக்காது. அதுதான் அவளுடைய கெட்டித்தனம். ஆனால் நின்றுபோன பளிங்கு உச்சிக்கு வராது, ஆகவே தள்ளும் கிடைக்காது. தொடக்கத்துக்கென்றே ஒரு சிறு மின்னோட்டம் வைத்திருந்தாள். அதையும் கடைசியில் சிக்கனம் பார்த்துக் குறைத்துவிட்டாள். தயாரிப்பில் வரும் சிறு வேறுபாட்டால் மூன்று சிப்புக்கு மட்டும் அது போதுமாக இருந்தது. கணினியில் ஓட்டிப் பார்த்தபோது முதல் அசைவை அவளே கொடுத்துத் தொடங்கியிருந்ததால் பிழை தெரியவில்லை.

வெளியே பட்டாசு வெடித்தது. கைபேசியும் அடித்தது.

"என்ன புள்ள, வெடிச் சத்தம்?" என்றாள் ஹாஜறா. மெஷின் ஓடுவதும் கேட்டது.

"யுத்தம் முடிஞ்சிட்டாம் ராத்தா. ரோட்டெல்லாம் பாற்சோறு குடுக்காங்க."

"நீ வெளிய போகாத. மறுகா, கூரைக்கு மரம் சொல்லவா? றவூப்ட உம்மா காலையும் வந்து செவரத் தொட்டுப் பாத்துட்டுப் போறா. மழ பெஞ்சா மருமகளுக்குக் குடை புடிக்கிறதா எண்டு கேக்கா."

நதீரா சிரிக்கப் பார்த்தாள். இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"எண்ட சிப் ஓடுதில்ல ராத்தா."

"ஓடும் எண்டுதானே சொன்னாய்?"

"உண்ட மெஷின் மாதிரி. சக்கரத்தக் கையால தள்ளிவிட்டாத்தான் ஓடும். மூணு மட்டும் தானா ஓடுது. அந்த மூணையும் காட்டினா ஒருத்தருக்கும் தெரியா."

மெஷின் சத்தம் நின்றது.

"கடலுக்க ஆரு தள்ளுற?"

"ஒருத்தருமில்ல."

ராத்தா திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது நதீராவுக்கு. கூரையைப் போடு, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், அந்த மூன்றையும் எடுத்துவைத்துவிடலாம்.

"மரக்காரனுக்கு வேணாமெண்டு சொல்றன்," என்றாள் ஹாஜறா. அழைப்பைத் துண்டித்தாள்.

சிப் செய்யச் சொன்னவர்கள் வந்த கூட்டத்தில் நதீரா பன்னிரண்டையும் வரிசையாக வைத்தாள். ஓடாதவற்றை முதலில் காட்டினாள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருத்தி மறுபடி செய்விக்க எவ்வளவு காலம் என்று கேட்டார்கள். அரை வருடம் என்றாள். அவர்கள் காத்திருக்கவில்லை. வேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மாத முடிவில் நதீரா வேலைபார்த்த கம்பனி அவளையும் இனி வரவேண்டாம் என்றது.

அவள் ஊருக்கு வந்த அன்று ஹாஜறா கூரையில்லாத அறைக்குள் படங்குத் துண்டு கட்டி, அதன் கீழே தைத்துக்கொண்டிருந்தாள். றவூப்பின் உம்மா வேறு இடம் பேசி முடித்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது.

"என்னாலதான் ராத்தா."

"ஓம், உன்னாலதான். சோறு ஆறுது, தின்னு."

நதீரா சோற்றைப் பிசைந்தாள். ஹாஜறா ஊசியில் நூல் கோத்தபடி, நிமிராமல் கேட்டாள்.

"அந்தச் சிப்ப கடலுக்க வெச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப சரி."

பாதியில் நின்ற சட்டைக் கையை ஊசிக்குக் கீழே வைத்தாள். வயல்வெளியைத் தாண்டி வந்த கச்சான் காற்று, சுவருக்கு மேலாக மண்ணைக் கொண்டுவந்து சோற்றிலும் துணியிலும் கொட்டிக்கொண்டிருந்தது.