ஓட்டாமல் சொன்ன தீர்ப்பு

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் இதை முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன். கம்பத்து டீக்கடைகளில் இருபது வருடமாக என் கார் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

என் பள்ளித் தோழனுக்கு அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம். அவன் அப்பா விட்டுச்சென்ற இரண்டு பழைய கார்களும் அங்கே ஷெட்டில் நின்றன. ஒன்று இங்கிலாந்தின் எம்.ஜி.பி., மற்றது இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். பழப்பெட்டி அடுக்க இடமில்லை. ஒன்றைக் கோயம்புத்தூர் உறவினருக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருந்தான்.

"மாப்ள, நீதான் காரையெல்லாம் கரைச்சுக் குடிச்சவன். ரெண்டையும் ஓட்டிப் பாத்து எது இருக்கணும்னு சொல்லு. நீ சொன்னா அதுதான்" என்று சாவிகளைக் கையில் திணித்துவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டான்.

அரை மணி நேரம். இரண்டிலும் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு வாயாலேயே ஒருமுறை உறுமிப் பார்த்தேன்.

அவன் திரும்பியதும் தீர்ப்பு சொன்னேன். "எம்.ஜி. இருக்கட்டும்டா. இங்கிலீஷ்காரன் வண்டி நம்ம காட்டுல உழுற சம்சாரி மாதிரி. எளிமையான எஞ்சின், ஜீப் மெக்கானிக்கே கைவைக்கலாம். இத்தாலிக்காரன் வண்டி கச்சேரி வித்வான். ரெண்டு கேம் ஷாஃப்ட், அஞ்சு கியர், சத்தம் சங்கீதம்தான். ஆனா குமுளி மலைக்கு ஆகாது." குமுளி மலையை நான் பஸ் ஜன்னல் வழியாகத்தான் அறிவேன்.

காபி கொண்டுவந்த அவன் மனைவி நின்று கேட்டார்.

"ஓட்டிப் பாத்தீகளாண்ணே?"

"ரெண்டு ரவுண்டு போனேம்மா."

"ஆல்ஃபா எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் முரண்டு பிடிக்குது."

அவர் காபியை என் கையில் கொடுத்தார். தோழன்தான் சொன்னான்: "அவ அதுலதான் ஓட்டப் பழகுனா. இன்னைக்கும் காலையில வாய்க்காக்கரையில ஒரு சுத்து போயிட்டு வருவா. சரி, நீயே சொல்லிட்டேல்ல, ஆல்ஃபாவே போகட்டும்."

வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டிய நேரம் அது. நான் காபியைப் பாராட்டினேன்.

என்னைப் பஸ் ஸ்டாண்டில் விட அவரே ஆல்ஃபாவை எடுத்தார். ஊரைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினார்.

"இங்கிட்டு வாங்கண்ணே. எங்கன முரண்டு பிடிக்குதுன்னு ஓட்டிக் காட்டுங்க."

"முழங்கால் வலிம்மா."

"ரெண்டு ரவுண்டுலயா?"

எதிரே தென்னந்தோப்பு இருந்தது. அதைப் பார்த்தேன். அவர் மெல்லக் கியரைத் தள்ளினார். வண்டி எந்த முரண்டும் இல்லாமல் போயிற்று.

"நீங்க படிச்சவுக. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் இறக்கிவிடும்போது. கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

அடுத்த வாரம் ஆல்ஃபா லாரியேறிப் போய்விட்டது. போன மாதம் தோழனைச் சந்தையில் பார்த்தேன். மனைவி எம்.ஜி.யைத் தொடுவதே இல்லையாம். காலையில் வாய்க்கால்கரைக்கு நடந்துதான் போகிறாராம்.

"சுகரா?" என்று கேட்டேன்.

"இல்லடா" என்றான்.