கேன்டீன் அக்காவுக்குத் துணை

வலது புறங்கையில் ஊசிக்குழாயை மூடி ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்திரியைப் புடவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். மறுநாள் காலை எனக்கு அறுவை சிகிச்சை. இடது மார்பை எடுத்துவிட வேண்டும் என்று முடிவாகி, வார்டில் படுக்கையும் கொடுத்திருந்தார்கள். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கணவர் கீழே போன சமயம் பார்த்துப் படியிறங்கி வெளியே வந்துவிட்டேன். எங்கே போவது என்று பெரிய திட்டம் எதுவும் இல்லை. முதலில் காலடிப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு. பிறகு ஊருக்கு ரயில். தென்காசிப் பக்கத்தில் ஒரு நாட்டு வைத்தியர் கத்தி வைக்காமல் கரைத்துவிடுவாராம் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். சொந்தக்காரர்கள் எல்லோருமே சுற்றுவட்டாரத்தில் கடை வைத்திருந்தார்கள். ஒரு கடையில் காலையில் பேசியது அடுத்த கடைக்கு மத்தியானத்துக்குள் வந்துவிடும். "பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கோம், வெளிய தெரிய வேண்டாம்" என்று மாமியார் சொல்லியிருந்தார். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று சொல்லி நாளைக்கு வரன் தட்டிப்போகுமே என்பது அவர் கவலை. அதனால் கர்ப்பப்பைக் கட்டி என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தோம். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டிருந்ததாலோ என்னவோ, யாரிடமும் எதையும் கேட்க முடியாமல் போயிற்று. எடுத்தபிறகு அந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்க வெட்கம். ராத்திரி பகலாக அதைக் கற்பனை செய்து பார்த்ததில், கண்ணை மூடினால் பெரிய பள்ளம் ஒன்றுதான் தெரிந்தது.

"கைல கொயாய வச்சிகினு எங்கம்மா பஸ் ஏறப்போற?"

திரும்பிப் பார்த்தேன். முந்தானை விலகியிருந்தது. ஐம்பது வயதிருக்கும். கறுத்த, உயரமான பெண். நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் சின்னச் சிலுவை. அவர் கையில், நான் வைத்திருந்ததைப் போலவே, ஓரம் கிழிந்த ஆஸ்பத்திரி ஃபைல். அவர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். வந்த பேருந்து நின்றது, போனது. நான் ஏறவில்லை.

என் ஃபைலில் எழுதியிருந்த வார்டைப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடது."

"எனக்கும் அதே பக்கம்தான். எட்துட்டாங்கோ. மூணு வருசம் ஆவுது. லாரி யார்டாண்ட கேன்டீன் வச்சிகீறேன். டெய்லி நாந்தான் சோறாக்குறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "பாக்குறியா?" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் என் முழங்கையைப் பிடித்து, சாலையைக் கடந்து, ஆஸ்பத்திரிப் பெண்கள் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் தாழிட்டுவிட்டு, முந்தானையை எடுத்து, ரவிக்கையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கூச்சப்படாத. உனக்குக் காட்டத்தான் அவுத்தேன். நல்லா பாரு" என்றார்.

பார்த்தேன். பள்ளம் எதுவும் இல்லை. தட்டையாக, நெஞ்செலும்பிலிருந்து அக்குள் வரை சற்றே சாய்ந்த ஒரு கோடு. கோட்டைச் சுற்றித் தோல் கொஞ்சம் வெளுத்து, பளபளவென்று இருந்தது. அதற்குக் கீழே விலா எலும்புகள் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வியர்க்குரு கூட இருந்தது. அந்த வியர்க்குருவைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. மாதக்கணக்கில் அழாமல் இருந்தவள், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முன்னால் சுவரில் சாய்ந்து அழுதேன். அவர் கொக்கிகளைப் போட்டுக்கொண்டே, "இவ்ளோதான் கண்ணு. இதுக்குத்தான் பேஜாராவுறோம்" என்றார்.

வார்டு வாசலில் கணவர் வெளிறிய முகத்தோடு நின்றிருந்தார். "எங்க போன நீ? ஆஸ்பத்திரி பூரா தேடிட்டு வாரேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கேன்டீன் அக்கா, "பாத்ரூம் போயிருந்துச்சு சார். கூட்டமா இருந்துச்சு" என்றார். நான் ஓடிப்போகப் பார்த்தது கணவருக்குப் பல மாதங்கள் கழித்து நான் சொல்லித்தான் தெரியும்.

இப்படித்தான் அவரோடு பழக்கமானேன். அறுவை முடிந்து கீமோ தொடங்கியபோது, முதல் நாள் எனக்கு முன்பாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாய் கசந்தால் சப்ப எலுமிச்சைத் துண்டு, எச்சில் துப்ப ஒரு டப்பா, ஏ.சி. குளிருக்குக் காதைப் பொத்திக் கட்ட ஒரு பழைய துணி என்று ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். ஆஸ்பத்திரியில் சொல்லாதது எதையும் அவர் புதிதாகச் சொல்லிவிடவில்லை. அவர்கள் சொன்னதை எப்படிச் செய்வது என்று காட்டினார். இடது கையால் தண்ணீர்க் குடம் தூக்காதே என்று டாக்டர் சொன்னால், வீட்டில் யாரிடம் எப்படிச் சொல்லித் தூக்கவைப்பது என்பதுவரை சொல்லிக்கொடுத்தார். முடி கொட்டும் என்று தெரியும். தலையணையில் கொத்தாகக் கிடப்பதைக் காலையில் தனியாகப் பார்க்கக் கூடாது என்று, கொட்டத் தொடங்கிய வாரமே என்னைக் கூட்டிக்கொண்டுபோய் மொட்டை அடிக்கவைத்தார். "கோயில்ல அட்ச்சேன்னு சொல்லு. எந்தக் கோயில்னு கேட்டா ஒரு கோயில் பேரைச் சொல்லு. அது உங்க டிபார்ட்மெண்ட்டு" என்றார்.

அவருடைய கேன்டீன் விம்கோ நகர் தாண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு யார்டின் ஓரத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாரி நடமாட்டம் குறைந்ததும் அங்கே நாங்கள் கூடுவோம். நான், அக்கா, ராயபுரத்திலிருந்து வரும் டீச்சரம்மா ஆகிய மூவரும் எப்போதும் இருப்போம். புதிதாக வார்டில் சேர்ந்த யாரையாவது அக்கா சில வாரம் அழைத்துவருவார். எங்களைப் போலவே அறுவை செய்துகொண்ட டீச்சரம்மா, மாதா கோயில் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு காது சரியாகக் கேட்காது. ஆனால் தையல் அருமையாக வரும். மாவரைக்கும் கிரைண்டருக்குப் பின்னால் இருந்த சுவரில்தான் எங்கள் உடற்பயிற்சி. அறுவை செய்த பக்கத்துக் கையின் விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு எவ்வளவு உயரம் போகிறதோ அங்கே டீச்சரம்மா பென்சிலால் கோடு போட்டுப் பெயரையும் தேதியையும் எழுதுவார். என் முதல் கோடு தோளுக்குக் கொஞ்சம் மேலே. மூன்று மாதத்தில் ஜன்னல் உச்சியைத் தொட்டேன்.

ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளத் துணியில் ஒரு பை தைத்துத் தந்ததும் டீச்சரம்மாதான். பஞ்சு வைத்தால் எடையில்லாமல் மெல்ல மெல்லக் கழுத்துக்கு ஏறிவிடும். அதனால் உள்ளே கேழ்வரகை நிரப்பினார். அச்சு அசலாக இருந்தது. அந்த வருட மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். நனைந்து வீட்டுக்கு வந்தவள் பையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அலமாரியில் வைத்து மறந்துபோனேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் தையல் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாக முளை. அதைக் கேன்டீனுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது டீச்சரம்மா சிரித்து இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். அக்கா மட்டும் மிகவும் தீவிரமாக அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல வெத" என்றார். நோய் வந்த பிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இரண்டு வருடங்கள் அப்படிப் போயின. பிறகு அக்காவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. நின்றபடி சமைக்கிறவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டார். எங்களோடு செக்கப்புக்கு வந்தார், ஆனால் எங்களுக்குத் துணையாக மட்டும். "உங்களுக்கு எப்போ?" என்று கேட்டால் "முடிஞ்சிடுச்சி" என்பார். டீச்சரம்மாவுக்குத்தான் சந்தேகம் வந்தது. காது கேட்காவிட்டாலும் கணக்கு டீச்சர் இல்லையா? "ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னா இவளுக்கு மார்ச்சுல வந்திருக்கணும். இப்ப ஜூலை" என்றார்.

நான் மட்டும் ஒரு நாள் கேன்டீனுக்குப் போய் நேரடியாகக் கேட்டேன். அக்கா கரண்டியைப் பாத்திரத்தின் மேல் வைத்தார். "உன் வேலைய பாத்துகினு போ" என்றார். அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. நான் போகவில்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டு அவராகவே பேசினார்.

"முதுகு வலிக்கிது. படுத்தா தூக்கம் வல்ல, குந்தினுதான் தூங்குறேன். எலும்புல பூந்துடுச்சின்னா இன்னா பண்றது?"

"அதப் பாக்கத்தான் ஆஸ்பத்திரி இருக்குதுக்கா."

"உங்களுக்கு அப்டி சொல்ட்டேன் கண்ணு. எனுக்கு சொல்லிக்க வல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அந்த வார்டுல எல்லாரும் என்னத்தான் பாக்குறாங்கோ. இவ நல்லாக்கீறா, நாமளும் நல்லாயிருப்போம்னு நெனைக்கிறாங்கோ. நானே வுயுந்துட்டா நீங்கோல்லாம் இன்னா ஆவீங்கோ?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அவர் விழுந்துவிட்டால் என்ன ஆவேன் என்று எனக்கும் தெரியவில்லை. அத்தனை நாட்களாக அவருடைய தைரியத்தை எடுத்துச் செலவழித்துக்கொண்டே இருந்திருக்கிறோம். அவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. "பயமாத்தான் இருக்கு. ஆனா வாங்க போவோம்" என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

மறுநாள் டீச்சரம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கக் கூடாது என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம். அக்கா எங்களைப் பார்த்தும் பார்க்காதவர் போல வேலை செய்தார். அதற்கு மறுநாளும் போனோம், பூண்டு உரித்தோம். லாரி டிரைவர் ஒருவர், "யாருக்கா இவங்க, புது ஆளுங்களா?" என்று கேட்டார். "தோஸ்துங்க" என்றார் அக்கா, திரும்பாமல். மூன்றாம் நாள் மத்தியானப் பந்தி முடிந்ததும் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டார். "சரி, ஏந்திரிங்கோ. உங்க ரோதன தாங்கல" என்றார்.

ஸ்கேன் எடுத்த அன்று நர்ஸ் வெளியே வந்து அவர் பெயரைக் கூப்பிட்டு, "கூட யார் வந்திருக்கீங்க?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் எழுந்தோம். "ஒருத்தர் போதும்" என்றார் நர்ஸ். டீச்சரம்மா காதில் விழாததைப் போல என் பின்னாலேயே வந்துவிட்டார். முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் நான் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு இட்லிப் பானை கேட்டதற்குக் குக்கர் எடுத்துக் கொடுத்தேன். மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா யார், எனக்கு என்ன செய்தார் என்பதை. முடிவு தெரியும் நாளன்று காலையில் நான் கிளம்பும்போது, அவர் அம்மனுக்கு விளக்கேற்றி விபூதி மடித்து என் கையில் கொடுத்து, "அந்தப் பிள்ளைக்கிக் குடு. சிலுவை போட்ட வேதக்காரப் பிள்ளைன்னா பூச மாட்டா, சும்மா பையில வச்சிக்கிடட்டும்" என்றார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். எலும்பில் எதுவும் பரவவில்லை. முதுகுத் தண்டில் டிஸ்க் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது. வருடக்கணக்காக அண்டா தூக்கியதால் வந்தது. பெல்ட் போட வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, பயிற்சி செய்ய வேண்டும்.

அக்கா மேஜைப் பக்கம் சாய்ந்தார். "இன்னொரு வாட்டி சொல்லுங்கோ டாக்டர்" என்றார். டாக்டர் சொன்னார். "இவங்களுக்குக் காது கேக்காது, கொஞ்சம் சத்தமா சொல்லுங்கோ" என்று அக்கா டீச்சரம்மாவைக் காட்டினார். அந்த இளம் டாக்டர் சிரித்துக்கொண்டே மூன்றாம் முறையும், அறை வாசலில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "பரவல, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். வெளியே காத்திருந்த யாரோ ஒரு பெண், எங்களுக்குத் தெரியாதவர், "நல்லது" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

படியில் இறங்கும்போது அக்கா நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வலியோ என்று பயந்துபோனேன். "பசிக்கிது" என்றார். முந்தாநாளிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லையாம். எதிரிலிருந்த சின்ன ஓட்டலில் நாலு இட்லி, ஒரு பொங்கல், ஒரு வடை சாப்பிட்டார். டீச்சரம்மா தன் வடையையும் அவர் இலையில் வைத்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்க, சாம்பாரில் தண்ணீர் அதிகம், பருப்பு வேகவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். நானும் டீச்சரம்மாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் காபி குடித்தோம்.

அது நடந்து இப்போது இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகிறது. கேன்டீனில் அண்டா தூக்க ஆள் போட்டிருக்கிறார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அதிகாரம் செய்கிறார். என் மகளுக்கு வரன் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டாரிடம் என் நோயைப் பற்றி முதலில் சொன்னது என் மாமியார்தான். அவர்கள் வந்து பார்த்துப் பேசி, சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குச் செக்கப் இனி வருடத்துக்கு ஒரு தடவை போதுமாம். அக்காவுக்கும் அப்படித்தான். ஆனாலும் நாள் நெருங்கும்போது, ஏதோ ஒரு காலை வேளையில் எனக்கு போன் செய்கிறார். கடைக்கணக்கு, டீச்சரம்மாவின் கண் ஆபரேஷன், வெங்காயம் என்று எதையெதையோ பேசிவிட்டு, கடைசியில், "எனுக்கு ஆஸ்பத்திரி என்னிக்கி கண்ணு? மறந்துபூட்ச்சி" என்று கேட்கிறார். அவருக்கு எந்தத் தேதியும் மறக்காது. எனக்கு அது தெரியும். தேதியைச் சொல்லிவிட்டு, எத்தனை மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்பதையும் சொல்கிறேன்.