முழங்கை மடிப்பில் மிஞ்சிய நிறம்

என் மகள் பால் மறந்த வருஷம் என் வலது கண்ணோரத்தில் ஒரு வெள்ளை விழுந்தது. பிறகு உதட்டில், விரல் நுனிகளில், கழுத்தில். வலி இல்லை, அரிப்பு இல்லை. கண்ணாடி பார்க்காவிட்டால் எனக்கே தெரியாது. மற்றவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்தது.

நாங்கள் அப்போது மாரிகுப்பத்தில் ஒரு லைனில் குடியிருந்தோம். வரிசையாக மூங்கில் தட்டி வீடுகள், எல்லாம் வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்கத்துக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள். என் புருஷன் ஷாஃப்டில் இறங்கிப் பாறையில் துளை போடுகிறவர். அவர்தான் என்னைச் சுரங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே கம்பவுண்டர் வெள்ளையின்மேல் ஊசியால் குத்தினார், வலிக்கிறது என்றேன். உணர்ச்சி இருக்கிறது, அப்படியானால் இது அந்தப் பெரிய வியாதி இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சபையில் அது செல்லவில்லை. எங்கள் ஜெபவீட்டில் வேதம் வாசித்துப் பிரசங்கம் செய்கிற உபதேசியார் நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். என்னைப் பாம்பென்று தாண்டவும் அவரால் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. எனவே லேவியராகமத்தைத் திறந்துவிட்டார். தோலில் வெள்ளை விழுந்தால் ஆசாரியன் பார்க்க வேண்டும். ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடி பார்க்க வேண்டும். படர்ந்திருந்தால் தீட்டு என்று சொல்லிப் பாளயத்துக்கு வெளியே அனுப்ப வேண்டும். எங்களுக்கு ஆசாரியனும் இல்லை, பாளயமும் இல்லை. உபதேசியார் ஆசாரியனானார், லைன் வீடுகள் பாளயமாயின. ஏழு நாள் கழித்து அவர் வந்து பார்த்தபோது வெள்ளை படர்ந்துதான் இருந்தது.

வட ஆற்காட்டில் மேல்சாதிக்காரர் வாயில் தள்ளி நில் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் நாங்கள் ஊரை விட்டே வந்தோம். அந்தச் சொல்லையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுரங்க மில்லில் கல்லை அரைத்துத் தள்ளிய மண் மேடாகக் கிடந்த பக்கம் எனக்கு ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். குழந்தையை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். புருஷனும் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படுத்தார். வாரா வாரம் அரிசி கொண்டுவந்து குடிசைக்கு முன்னால் கிடந்த கல்லின்மேல் வைத்துவிட்டு, "இன்னா பண்றது" என்பார். எனக்கும் தெரியவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கல் நொறுக்கும் மில்லில் இரவும் பகலும் இரும்பு இடித்துக்கொண்டே இருந்தது, நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். முதலில் அழுதேன், அப்புறம் கோபப்பட்டேன், அப்புறம் ஒன்றும் இல்லை. தோலில் உணர்ச்சி இருந்தது. மற்றதெல்லாம் மரத்துவிட்டது.

என் மகள் நாத்தனாரை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். என்னை எதுவும் கூப்பிடமாட்டாள். எப்போதாவது அப்பாவோடு வந்து வண்டிப் பாதைக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்ப்பாள். நல்ல கறுப்பு, என் தாயின் நிறம். நானும் முன்பு அந்த நிறம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபவீட்டின் பின்சுவரை ஒட்டி வெளியே உட்காருவேன். அதைத் தடுக்கிற வசனம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. குஷ்டம் என்றால் பாவம், ஆசாரியன் என்றால் கிறிஸ்து என்று உபதேசியார் உள்ளே பிரசங்கிப்பார். வெளியே உட்கார்ந்து கேட்கிறவளுக்கு யோசிக்க நேரம் அதிகம். லேவியராகமத்தில் ஆசாரியன் பார்க்கிறான், பார்க்கிறான், மறுபடியும் பார்க்கிறான். வியாதிக்காரனைத் தொடுவதாக நான் கேட்டதில்லை. சுவிசேஷத்தில் இயேசு முதலில் கையை நீட்டித் தொடுகிறார், அதன்பிறகுதான் சுத்தமாகு என்கிறார். எங்கள் சபை இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. நீ முதலில் சுத்தமாகு, தொடுவதை அப்புறம் பார்க்கலாம் என்றது. இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை.

சுரங்கத்துக்கு மின்சாரம் வந்து கொஞ்ச காலத்தில் என் மகளுக்கு வரன் வந்தது. பக்கத்திலிருக்கிற சாம்பியன் ரீப்ஸ் லைன் பையன், அவனும் சுரங்கத்தில் வேலை. இன்னாருக்கு இன்னார் என்று சபைக்கு அறிவிக்கிற கல்யாண ஓலையை ஜெபவீட்டில் ஒரு ஞாயிறு வாசித்தாயிற்று. அதன்பிறகு மாப்பிள்ளையின் தாய்க்கு யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவள் தீட்டு என்று சபையே வெளியே வைத்திருக்கிற வீட்டில் நாங்கள் பெண் எடுக்கமாட்டோம், தாய் உள்ளே வந்து உட்கார்ந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நியாயமான பேச்சுதான். இத்தனை வருஷத்தில் என்னை உள்ளே உட்காரச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

உபதேசியார் மறுபடி லேவியராகமத்தைத் திறந்தார். அதே அதிகாரத்தில், யாரும் நின்று வாசிக்காத ஓர் இடம் இருக்கிறது. வெள்ளை தலைமுதல் கால்வரை மூடிவிட்டால், முழுதும் வெண்மையானவன் சுத்தமுள்ளவன். அரைகுறையாக வெள்ளையானவன் வெளியே, முழுக்க வெள்ளையானவன் உள்ளே. நான் அந்த நேரம் ஏறக்குறைய முழு வெள்ளை. அவர் என் குடிசைக்கு வந்தார். முகத்தில் வெளிச்சம் இருந்தது, பாவம்.

கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கையைக் காட்டச் சொன்னார், காட்டினேன். இடது முழங்கை மடிப்பில் வெற்றிலை அளவு பழைய கறுப்பு மிஞ்சியிருந்தது. மகளைத் தூக்கி வைத்துப் பால் கொடுத்த காலத்தில் அவள் தலை கிடந்த இடம். முன்பெல்லாம் மற்ற இடத்துக்கும் இந்த நிறம் திரும்பட்டும் என்று கார்போகரிசி என்கிற மருந்து விதையை அரைத்து அரைத்துப் பூசியவள் நான்.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது ஒண்ணு கீதே, அம்மா."

அது நோய் இல்லை, என் சொந்தத் தோல் என்றேன். வசனம் முழுதும் என்று சொல்கிறது என்றார். பிறகு அதன் உட்பொருளையும் மெதுவாக விளக்கினார். தன்னிடம் கொஞ்சமாவது நல்லது இருக்கிறது என்று பிடித்துவைத்துக்கொள்கிற பாவிக்கு மன்னிப்பில்லை. நான் முழுக்கப் பாவி என்று எதையும் மறைக்காமல் நிற்கிறவனைத்தான் கிறிஸ்து சுத்தம் என்று சொல்வார். நல்ல பொருள்தான். உள்ளே உட்கார்ந்து கேட்டிருந்தால் நானும் ஆமென் சொல்லியிருப்பேன். ஏழு நாள் கழித்து வருகிறேன், ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்லிப் போனார்.

எதற்காக ஜெபம் பண்ணுவது? மிச்சமிருக்கிற என் நிறமும் போகட்டும் என்றா? பண்ணினேன். அவள் கல்யாணம் நின்றுவிடக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. நிறம் போகவில்லை. ஏழாம் நாள் காலையில், கல்யாணத்துக்காக ஜெபவீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் பின்சுவர் ஓரம் விட்டுப்போன சுண்ணாம்பை எடுத்துவந்து எண்ணெயில் குழைத்துப் பூசினேன். சுவிசேஷத்தில் வேஷக்காரர்களுக்கு வெள்ளையடித்த கல்லறைகள் என்று ஓர் ஏச்சு வரும். அது என் நினைவுக்கு வந்தது, வந்தால் வரட்டும் என்று இருந்தேன். தோல் எரிந்தது. உபதேசியார் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டு, கண் கலங்கி, சுத்தம் என்று சொன்னார். நான் ஸ்தோத்திரம் என்றேன். மனதில் ஒன்றும் அசையவில்லை.

கல்யாணத்தன்று மறுபடி பூசிக்கொண்டு உள்ளே போய்ப் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் பாய் காலியாகவே இருந்தது. சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள், அதற்காக ஒட்டி உட்கார வேண்டும் என்று வசனம் இல்லையே. வெளியூரிலிருந்து வந்த போதகர் கல்யாணத்தை முடித்து வைத்தார். கூட்டத்தில் காற்றே இல்லை, எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது.

முடிந்ததும் மகளும் மாப்பிள்ளையும் பெற்றவர்களிடம் ஆசீர்வாதம் வாங்க வந்தார்கள். என் புருஷன் கை வைத்தார், நாத்தனார் கை வைத்தாள். பிறகு என் முன்னால் வந்து என் மகள் முழங்காலில் நின்று தலை குனிந்தாள். பின்னால் மாப்பிள்ளையின் தாய் பார்த்துக்கொண்டிருந்தாள், உபதேசியார் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை எழவில்லை. யாரும் தடுக்கவில்லை. எத்தனையோ வருஷம் ஒருவரையும் தொடாத கை, அது மறந்துவிட்டது.

கஷ்டப்பட்டு இரண்டு கையையும் தூக்கினேன். தூக்கியபோது முந்தானை சரிந்தது. வேர்வையில் சுண்ணாம்பு கரைந்து, இடது முழங்கை மடிப்பில் கறுப்பு பளிச்சென்று தெரிந்தது.

என் மகள் நிமிர்ந்து அதைப் பார்த்தாள். பிறகு எழுந்து, சட்டென்று தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடி, என் கையை இறுக்கிப் பிடித்தாள். கன்னம் என் காதோரம் வந்தது.

"அசையாதீங்க, அம்மா," என்றாள்.

எனக்காகத் தொட்டாளா, தன் கல்யாணத்துக்காகத் தொட்டாளா, தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அவள் கை சூடாக இருந்தது, சுண்ணாம்பு பட்டுப் புண்ணான இடத்தில் வலித்தது. நன்றாக வலித்தது. அவள் மற்றக் கையால் என் முந்தானையை இழுத்து மூடிவிட்ட பிறகுதான் பிடியை விட்டாள்.

அவள் உள்ளங்கையெல்லாம் வெள்ளையாகிவிட்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. அந்தக் கையோடேயே போய் மாமியாருக்குப் பக்கத்தில் நின்றாள்.