ஃபிளாஷ் போடாமல் எடுத்த கல்யாணம்

குலசேகரத்தில் நடந்த நண்பனின் கல்யாணத்துக்கு நான் விருந்தாளியாகத்தான் போனேன். கேமரா கழுத்தில் கிடந்தது. அது இல்லாமல் எங்கும் போவதில்லை, அந்தக் கிறுக்கு முற்றியிருந்த நேரம். ஃபிளாஷ் போடுவது பாவம், ஒருவரை 'இப்படி நில்லுங்க, சிரிங்க' என்று நிறுத்தி எடுப்பது அதைவிடப் பெரிய பாவம் என்று நம்பியிருந்தேன். இருக்கிற வெளிச்சத்தில், இருக்கிற மனிதரை, அவருக்கே தெரியாமல் எடுக்க வேண்டும். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லித் திரிந்தேன்.

மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த நண்பன் என்னைத் தனியே இழுத்தான்.

"மேடையில உள்ளத ஸ்டுடியோக்காரங்க எடுப்பாங்க. நீ எங்க அம்மைய எடுத்துரு மக்கா. அவ மேடைக்கு வரமாட்டா, பாத்துக்கோ."

அவனுக்கு ஏழு வயதில் அப்பா போய்விட்டார். ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் போய்த்தான் அம்மா அவனைப் படிக்க வைத்தார். கணவனை இழந்தவள் தாலி கட்டும்போது முன்னால் நிற்கக் கூடாது என்று அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அவரே சமையல்கட்டுக்குப் போகும் இடைவழியில் ஒதுங்கிக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதை வைத்துக்கொண்டு படம் எடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

இடைவழிக்கு ஒரே ஒரு ஜன்னல். வெளியே மழை மூட்டம். அந்த வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாகத்தான் திறந்து மூடும். அதற்குள் ஆள் அசைந்தால் முகம் கலங்கிவிடும். அம்மாவோ ஒரு நொடி சும்மா இருக்கவில்லை. நேந்திரங்காய் உப்பேரித் தட்டை நகர்த்தினார், இலைக்கட்டைப் பிரித்தார், பாயச உருளியை மூடினார். மகன் வாங்கிக் கொடுத்த மாம்பழ நிறப் பட்டுப் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தார்.

ஒருமுறை என் கேமராவைப் பார்த்துவிட்டார். கையை முந்தானையில் துடைத்தார். செருகலை எடுத்துவிட்டுப் புடவையை நீவிக்கொண்டார். ஜன்னலுக்கு நேரே வந்து, கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"என்னைய எடுக்கியா மக்களே?"

"இல்லம்மா, சும்மா பாத்தேன். நீங்க வேலையப் பாருங்க."

என்னை மறந்து அவர் வேலையில் இறங்கியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் லேசாகச் சிரித்தார். "அதானே," என்றார். புடவையை மறுபடி செருகிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று அவரை மட்டும் நாற்பது படமாவது எடுத்திருப்பேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகவே இருந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றில்கூட முகம் இல்லை. மாம்பழ நிறம் மட்டும் இழுபட்டுக் கிடந்தது. நண்பன் கேட்கும்போதெல்லாம் நேரில் வந்து தருகிறேன் என்று மழுப்பினேன். இன்னொரு நாள் போய் அம்மாவை அதே புடவையில் எடுத்துவிட்டால் போயிற்று என்பது என் எண்ணம். கல்யாணம் முடிந்த ஐந்தாம் மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

துக்க வீட்டில், வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அதில் அவர் யாரோ போலிருந்தார். நண்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்தப் பட்டுல ஒண்ணாவது தேறுமா மக்கா?"

ஒன்றும் தேறவில்லை, எல்லாம் ஆடிப்போய்விட்டன என்றேன். என் தோளில் கை வைத்து, அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

"நீ என்ன செய்வ? எங்க அம்மை ஒரு எடத்துல நிப்பாளா?"

நின்றார் என்று இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.