ஆம்பிளை இல்லாத வீட்டில் ஜெபக்கூட்டம்

ஆண்டவருக்குள் அன்பான சகோதரங்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் திரும்பி வரவில்லை. சாட்சி என்றால் கடைசியில் எல்லாம் சரிவந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

போன வருடம் பனி கொட்டத் தொடங்கின நாட்களில் அவர் வீட்டை விட்டுப் போனார். இப்போது பிறம்ரன் நகரில் வேறொரு பெண்ணோடு இருக்கிறார். நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில் ஒரு கதை எப்படிப் பரவும் என்று உங்களுக்குத் தெரியும். நான் அழுது முடிக்க முதலே தமிழ்க் கடைகளில் எல்லாம் கதைத்து முடித்துவிட்டார்கள்.

எங்கள் சபையின் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் வீடு வீடாகச் சுற்றிவரும். எங்கள் முறை வந்தால் அவர் ஜெபித்துத் தொடங்குவார், நான் வருகிறவர்களுக்கு ரோல்ஸ் பொரிப்பேன். அவர் போன பிறகும் எங்கள் முறை வந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிற ராணி அன்ரி போன் எடுத்தா.

"பிள்ளை, உமக்கேன் கரைச்சல்? இந்தமுறை மல்வேர்னிலை என்ரை வீட்டிலை வைப்பம்."

அன்பாகத்தான் சொன்னா. நானும் நன்றி சொன்னேன். அடுத்த சுற்றிலும் என் வீட்டைத் தாண்டிப் போனார்கள். அப்போதுதான் விளங்கியது. துரோகம் செய்தது அவர், தள்ளிவைக்கப்பட்டது நான்.

அதற்குப் பிறகு நான் ஜெபிக்கவில்லை, ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். "அவரைக் கூட்டிவாரும்" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வாய் இது. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவள் கையை உதறிப்போட்டுக் கத்தினேன்.

"அவர் வந்தால் வரட்டும், வராட்டில் போகட்டும். நான் உம்மை விடமாட்டன். நீரும் என்னைத் தாண்டிப் போறீரோ? இல்லையெண்டால் இந்த வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பிக் காட்டும்!"

அன்றைக்கே அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"இந்த வெள்ளி என்ரை வீட்டிலைதான், அன்ரி."

"ஆர் பிள்ளை தொடங்கிவைக்கிறது? வீட்டிலை ஆம்பிளை இல்லையே."

"நான் தொடங்குறன்."

அன்ரி "பாப்பம்" என்றா. எங்கள் ஆட்கள் "பாப்பம்" என்றால் இல்லை என்றுதான் அர்த்தம்.

வெள்ளி வந்தது. ரோல்ஸ் பொரித்தேன். கதிரை போட்டேன். ஒருவரும் வரவில்லை. பனியும் கொட்டியது, அதைச் சாட்டுச் சொல்லி நானும் படுத்திருக்கலாம். படுக்கவில்லை. வெறுங்கதிரைகளுக்கு முன்னால் முழந்தாளில் நின்று ஜெபித்தேன், அழுதேன், சத்தமாகப் பாடினேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து அப்பார்ட்மென்ட் வசந்தி. நெற்றியில் திருநீறு. லிஃப்டில் கண்டால் சிரிப்பதோடு சரி, அவ்வளவுதான் பழக்கம்.

"அக்கா, என்ரை மகள் கோவிச்சுக்கொண்டு வீட்டை விட்டுப் போட்டாள். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எனக்காக ஒருக்கா ஜெபிப்பீங்களே?"

உள்ளே கூட்டிவந்து இருத்தி, கையைப் பிடித்து ஜெபித்தேன். பிறகு மனம் கேளாமல் கேட்டேன்.

"முந்தி இஞ்சை எத்தினை பேர் வந்து பாடினவை. அப்ப ஒருநாளும் வரேல்லையே?"

"அப்ப நீங்கள் எல்லாரும் நல்லா இருந்தனீங்கள். நான் வந்து என்னத்தைச் சொல்லுறது? இப்ப நீங்கள் அழுறது சுவருக்காலை கேக்குது. அழுதுபோட்டுப் பாடுறதும் கேக்குது. அதுதான் வந்தனான்."

வெளியே கேட்கிறதென்று தெரிந்திருந்தால் வாயில் தலையணையை அடைத்திருப்பேன். நான் வெட்கப்பட்ட அந்த அழுகையை வைத்துத்தான் ஆண்டவர் ஆளை அனுப்பினார். இத்தனை வருடம் ஊழியம் என்று ரோல்ஸ் பொரித்தேன். உடைந்த பிறகுதான் அழுகிற ஒரு மனுஷிக்குப் பக்கத்தில் இருக்கப் பழகினேன்.

வசந்தியின் மகள் இப்போது தாயோடு போனில் கதைக்கிறாள். பிறகு என் வீட்டில் வைத்த கூட்டங்களுக்குச் சபை ஆட்களும் மெல்ல மெல்ல வந்தார்கள். ராணி அன்ரியும் வந்தா. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "நீரே தொடங்கும், பிள்ளை" என்றா. தொடங்கினேன்.

வசந்தி ஞானஸ்நானம் எடுத்தாவா என்று சிலர் விசாரிக்கிறார்கள். அவவை அனுப்பினவருக்கு அடுத்தது என்னவென்றும் தெரியும். அது அவருடைய வேலை.

ஆண்டவருக்கு நன்றி. என் வீட்டில் ஒருவர் குறைவு. உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று குறையலாம். எல்லாம் சரிவரட்டும், பிறகு கூட்டம் வைப்போம் என்று காத்திருக்காதீர்கள். அழுகிறவர்கள் அழுதுகொண்டே கதவைத் திறவுங்கள். ஆர் "பாப்பம்" என்றாலும் திறவுங்கள்.